வழி தவறும் கால்நடைகள்: காப்பதும் கண்டுபிடிப்பதும்

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தப் பொருள் இன்றும் பொருந்தும். மழை பொய்த்த ஆண்டிலும் அன்றாடச் செலவைத் தாங்குவது கறவை மாடு. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ திடீரென வந்தால் கை கொடுப்பது வெள்ளாடு. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மாடு மாலையில் தொழுவம் திரும்பாவிட்டால் ஏற்படும் நட்டத்தை ஈடு செய்யப் பல மாதங்கள் பிடிக்கும்.

கால்நடையைக் காப்பீடு செய்துவிட்டோம் என்று பலர் கவலையின்றி இருக்கின்றனர். ஆனால் கால்நடைக் காப்பீடு பொதுவாக நோயினாலும் விபத்தினாலும் ஏற்படும் இறப்புக்கே இழப்பீடு தருகிறது. காணாமற்போன கால்நடைக்கும் திருடப்பட்ட கால்நடைக்கும் பெரும்பாலான பாலிசிகளில் இழப்பீடு கிடையாது. ஆகவே, கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போடுவதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும். தொலைந்த கால்நடை திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, அது தொலைவதற்கு முன்பே செய்துவைத்த ஏற்பாடு. மற்றொன்று, தொலைந்த முதல் சில மணி நேரத்தில் முறையாகத் தேடுவது.

விலகிச் செல்வதன் காரணங்கள்

கால்நடைகள் காரணமின்றி மந்தையை விட்டு விலகுவதில்லை. காரணத்தை அறிந்தால் தடுப்பதும் தேடுவதும் எளிதாகும்.

முதற்காரணம் சினைப் பருவம். பசுவும் கிடேரியும் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்திற்கு வருகின்றன. பருவ அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் மாடு அடிக்கடி கத்தும், மேயாது, காளை இருக்கும் திசை நோக்கிக் கயிற்றை அறுத்துக்கொண்டும் ஓடும். எருமைகளில் அறிகுறிகள் மங்கலாகவும் பெரும்பாலும் இரவு நேரத்திலும் தோன்றுவதால் கவனிக்கத் தவறிவிடுகிறோம். வெள்ளாடுகள் 18 முதல் 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்திற்கு வரும். கிடாக்கள் பெட்டையைத் தேடி அடுத்த ஊர் மந்தை வரை செல்வதுண்டு. பருவத்திற்கு வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்தால், அடுத்த முறை 18ஆம் நாளிலிருந்தே மாட்டைக் கட்டி வைத்துக் கவனிக்கலாம். காலத்தில் சினை ஊசி போடுவதற்கும் இதே குறிப்பு உதவும்.

இரண்டாவது காரணம், ஈனும் நேரம். மேய்ச்சலில் இருக்கும் பசு ஈனும் நேரம் நெருங்கியதும் மந்தையை விட்டு விலகிப் புதர் மறைவையோ ஒதுக்குப்புறத்தையோ நாடும். ஈன்ற கன்றை மறைவில் படுக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் சிறிது தூரம் மேயப் போகும். வெள்ளாடுகளிடமும் இந்த இயல்பு உண்டு. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள், எருமைக்கு சுமார் 310 நாட்கள், வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் சுமார் 150 நாட்கள். இந்தக் கணக்கின்படி கடைசிப் பத்து நாட்களுக்குச் சினை மாட்டை வெளி மேய்ச்சலுக்கு அனுப்பாமல் வீட்டருகே வைத்துக் கொள்வது நல்லது.

மூன்றாவது, புதிதாக வாங்கிய கால்நடை. சந்தையிலோ பக்கத்து ஊரிலோ வாங்கி வந்த மாடு, அவிழ்த்துவிட்டதும் பழைய வீட்டை நோக்கி நடக்கும். இதனால் புதிய மாட்டை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தொழுவத்திலேயே கட்டித் தீனி வைக்க வேண்டும். வீட்டிலுள்ள சாதுவான மாடு ஒன்றின் அருகில் கட்டிப் பழக்கிய பின்னரே மேய்ச்சலுக்கு விட வேண்டும். புதிய மாடு நோய் ஏதேனும் கொண்டுவந்திருந்தால் அதுவும் இந்த நாட்களில் தெரிந்துவிடும். ஆகவே, துணைக்குக் கட்டும் மாட்டுக்குத் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் தனித்தனியே இருக்க வேண்டும்.

இவை தவிர, கோடையில் தண்ணீரும் பசும்புல்லும் தேடிப் போகும். உப்புச் சத்துக் குறைந்த மாடுகள் மண்ணையும் சுவரையும் நக்கித் திரியும். வளர்ந்த மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தால் இந்தக் குறை நீங்கும். இடி, மழை, வெறிநாய்த் துரத்தல், பட்டாசு வெடி ஆகியவற்றால் மிரண்டு ஓடுவதும் உண்டு.

தும்பும் வேலியும்

மாடு காணாமற் போனதற்குத் தேய்ந்த தும்பே காரணமாக இருப்பது சாதாரணமாகக் காணும் செய்தி. கயிறு முதலில் நைவது முடிச்சு விழும் இடத்திலும் முளைக்குச்சியில் உரசும் இடத்திலும்தான். வாரம் ஒரு முறை இந்த இரண்டு இடங்களையும் பார்த்து, நைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். கழுத்தில் போடும் முடிச்சு இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சாக இருக்கக் கூடாது. மிரண்டு இழுக்கும்போது அது கழுத்தை நெரித்துவிடும். மேய்ச்சலில் கட்டும் கயிற்றின் முனையில் சுழலும் இரும்பு வளையம் ஒன்றைச் சேர்த்தால் கயிறு முறுக்கிக் கொள்ளாது.

வேலியைப் பொறுத்தவரை கொங்கு நாட்டுக் கொறங்காடு நல்ல எடுத்துக்காட்டு. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பகுதிகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உள்ள மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி அமைத்து, ஆள் துணையின்றியே மாடுகளை மேயவிடுகின்றனர். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால் அவை வேர் பிடித்துச் செலவில்லாத வேலியாகிவிடும். மற்ற பகுதிகளில் அந்தந்த மண்ணுக்கு ஏற்ற முள்வேலி போடலாம். எந்த வேலியானாலும் கடவுதான் பலவீனமான இடம். இரவில் கடவை அடைக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே ஒப்படைப்பது நல்லது.

கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு நிலத்திலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால் அதைச் சுற்றி உடனே முள் அடைக்க வேண்டும். காணாமற்போனதாகத் தேடப்படும் ஆடு சில சமயம் கிணற்றுக்குள் கிடக்கிறது.

குரலுக்கு வரும் பழக்கம்

கால்நடைகளை ஒரே குரலுக்கு வரப் பழக்குவது செலவில்லாத பாதுகாப்பு. மாலையில் தொழுவத்தில் அடைக்கும்போது தினமும் ஒரே விதமாகக் குரல் கொடுத்து, ஒரு கைப்பிடி தவிடோ பிண்ணாக்கோ வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் அந்தக் குரலையும் தவிட்டுச் சட்டியைத் தட்டும் ஓசையையும் கேட்டு ஓடிவரப் பழகிவிடும். வீட்டில் உள்ள அனைவரும் அதே குரலைப் பழக்க வேண்டும். மேய்ப்பவர் ஊரில் இல்லாத நாளில்தான் இது மிகவும் தேவைப்படும்.

மந்தையில் முன்னே செல்லும் ஆட்டுக்கும் அடிக்கடி விலகும் ஆட்டுக்கும் வெவ்வேறு ஓசையுள்ள கழுத்து மணி கட்டலாம். பத்து ஆடுகளுக்கு இரண்டு மணி போதும். இடம் காட்டும் மின்னணுக் கழுத்துப்பட்டைகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுக்கு மின்கலமும் செல்போன் அலைவரிசையும் தேவை என்பதால், சிறு விவசாயி முதலில் மணிக்கும் குரலுக்கும் கவனம் கொடுப்பதே சிக்கனம்.

ஆடுகளை நாளொன்றுக்கு மூன்று முறை எண்ண வேண்டும். பட்டியை விட்டுக் கிளம்பும்போதும், நண்பகலில் தண்ணீர் காட்டும்போதும், மாலையில் அடைக்கும்போதும் எண்ணினால், ஒன்று குறைந்தது எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பது தெரிந்துவிடும். தேட வேண்டிய பரப்பும் பாதியாகக் குறையும்.

அடையாளம் மூன்று விதம்

"வெள்ளை மாடு, நடுத்தர உயரம்" என்று சொன்னால் அது நூறு மாடுகளுக்குப் பொருந்தும். உரிமையை நிலைநாட்டக் கூடிய அடையாளம் வேண்டும்.

முதலாவது, காது வில்லை. தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது முதல், தடுப்பூசி போடும் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் 12 இலக்க எண் கொண்ட வில்லை காதில் பொருத்தப்படுகிறது. இந்த எண்ணுடன் உரிமையாளர் பெயர், ஊர், செல்போன் எண், தடுப்பூசி விவரம் ஆகியவை கணினியில் பதிவாகின்றன. மாடு வாங்கியவர்கள் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் பதிவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். செல்போன் எண்ணை மாற்றியவர்களும் அதைத் தெரிவிக்க வேண்டும். பழைய பெயரிலேயே பதிவு இருந்தால், மாடு கிடைத்தாலும் தகவல் பழைய உரிமையாளருக்கே போகும். வில்லை அறுந்து விழுந்திருந்தால் மீண்டும் பொருத்திக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உடலிலேயே உள்ள அடையாளம். காது வில்லையைத் திருடன் வெட்டி எறிந்துவிடலாம்; சுழியை அழிக்க முடியாது. நம் விவசாயிகள் தாமணிச் சுழி, பூரான் சுழி என்று சுழி பார்த்து மாடு வாங்குவது வழக்கம். சுழிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் சான்று இல்லை. ஆனால், சுழி இருக்கும் இடம் மாட்டுக்கு மாடு வேறுபடும். வயது ஏறினாலும் இடம் மாறாது. ஆகவே அடையாளத்துக்கு அது மிகவும் ஏற்றது. மூக்கு நுனியில் உள்ள வரிகளும் மனிதரின் கைரேகையைப் போல ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தன்மை உடையவை. மூக்கை ஈரம் போகத் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அருகிலிருந்து செல்போனில் படம் எடுத்து வைக்கலாம்.

மூன்றாவது, படமும் குறிப்பும். முகம், இரண்டு பக்கங்கள், பின்புறம், மடி, கொம்பு, சுழி ஆகியவற்றைத் தனித்தனியே படம் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் நிறமும் கொம்பும் விரைவில் மாறும் என்பதால் இது மிகவும் அவசியம். படங்களின் நகலை வீட்டில் மற்றொருவர் செல்போனிலும் வைக்க வேண்டும். காது வில்லை எண், வாங்கிய தேதி, விலை, ஈன்ற விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. ஆடுகளுக்குக் காதின் உட்புறம் பச்சை குத்தலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது தோலைக் கெடுத்து வேதனை தருவதால் தவிர்க்க வேண்டும்.

தேடத் தொடங்கும் முறை

கால்நடை திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு திசையாகக் கூச்சலிட்டு ஓடக் கூடாது. மிரண்ட மாடு மேலும் விலகிப் போகும். காலடித் தடங்களும் அழிந்துவிடும். முதலில் மற்ற கால்நடைகளைப் பத்திரமாக அடைத்துவிட்டு, கடைசியாக எங்கே, எப்போது பார்த்தோம் என்பதை உறுதி செய்ய வேண்டும்.

அந்த இடத்திலிருந்து தடம் பார்க்க வேண்டும். குளம்பின் கூர்முனை, மாடு சென்ற திசையைக் காட்டும். வெயில் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வெளிச்சம் விழுவதால் தடம் தெளிவாகத் தெரியும். மேற்பரப்பு காயாத ஈரமான சாணம் அண்மையில் சென்றதற்கு அடையாளம்.

பிறகு, காரணத்தை ஒட்டித் தேட வேண்டும். பருவத்தில் இருந்த மாடு என்றால் காளை இருக்கும் தொழுவங்களிலும் மற்ற மந்தைகளிலும் கேட்க வேண்டும். நிறைசினை என்றால் அருகிலுள்ள புதர்களையும் ஓடைக் கரைகளையும் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியது என்றால் பழைய உரிமையாளருக்குப் பேசிவிட்டு, அவர் ஊர் செல்லும் வழியில் தேட வேண்டும். மழையில் மிரண்டது என்றால் காற்றுக்கும் மழைக்கும் முதுகைக் காட்டியே மாடுகள் நகரும் என்பதால், காற்று வீசிய திசையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். எந்தக் காரணமானாலும் கிணறுகள், குளக்கரைச் சேறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை ஆகியவற்றை இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

கன்று இருந்தால் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு செல்லலாம். கன்றின் குரலுக்குத் தாய் பதில் கொடுக்கும். ஆட்டைத் தேடும்போது அதனுடன் எப்போதும் சேர்ந்து மேயும் ஆட்டைக் கூட்டிச் செல்லலாம். வழக்கமான குரலைக் கொடுத்து, பிறகு இரண்டு நிமிடம் அமைதியாக நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பலரும் குரல் கொடுக்கின்றனர், நின்று கேட்பதில்லை.

கிணற்றில் விழுந்திருந்தால் தாமாகவே இறங்காமல் தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். பாழுங்கிணற்றில் நச்சுக் காற்று தேங்கியிருக்கக் கூடும். மாட்டைக் காப்பாற்ற இறங்கி மனிதர் உயிரை இழக்கக் கூடாது.

தகவல் தெரிவித்தல்

அன்று மாலைக்குள் கிடைக்கவில்லை என்றால் பால் கூட்டுறவுச் சங்கம், தேநீர்க் கடை, பக்கத்து ஊர் மேய்ப்பர்கள், கால்நடை மருந்தகம் ஆகிய இடங்களில் சொல்லிவைக்க வேண்டும். காலையும் மாலையும் பல ஊர்க்காரர் வந்துபோகும் இடம் பால் சங்கம். வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடும்போது எல்லா அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. ஒரு சுழியையோ தழும்பையோ சொல்லாமல் வைத்துக் கொண்டால், மாடு தம்மிடம் இருப்பதாகப் பொய் சொல்லிப் பணம் கேட்பவரைக் கண்டுகொள்ளலாம். மாட்டை நேரில் பார்க்கும் முன் யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது.

வெள்ளாமையில் புகுந்த மாட்டைப் பிடித்தவர் அதை 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் கூறுகிறது. ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் வராவிட்டால் காவல் நிலையத்துக்கு அறிக்கை போகும். அதன் பிறகு அறிவிப்புச் செய்து ஏலத்தில் விற்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பவுண்டு இயங்கும் ஊர்களில் முதல் நாளே போய்ப் பார்க்க வேண்டும். நகரத்தை அடுத்த கிராமத்தினர் நகராட்சி, மாநகராட்சிக் கால்நடைக் காப்பகங்களிலும் விசாரிக்க வேண்டும்.

கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தாலோ, வண்டிச் சக்கரத் தடம் இருந்தாலோ திருட்டு என்று கொண்டு, எதையும் தொடாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெற வேண்டும். படங்களும் காது வில்லை எண்ணும் அப்போது பயன்படும். பண்டிகைக்கு முந்திய வாரங்களில் ஆட்டு விலை ஏறும்போது திருட்டு பயமும் கூடுகிறது. அந்த நாட்களில் பட்டியில் ஆள் படுப்பதும் விளக்கு எரிவதும் அவசியம். சுற்று வட்டாரத்தில் அடுத்து கூடும் சந்தைக்கு விடியற்காலையிலேயே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

காவல் நாய்

ஆண் நாய்கள் பெட்டை நாயைத் தேடிப் பல நாட்கள் ஊர் சுற்றும். இனவிருத்திக்குத் தேவையில்லாத நாய்க்குக் கருத்தடை அறுவை செய்தால் இது குறையும். தீபாவளி நாட்களில் மாலைக்கு முன்பே நாயை அறைக்குள் விட்டுவிட வேண்டும். கழுத்துப் பட்டையில் செல்போன் எண்ணை எழுதி வைக்கலாம். தொலைந்த நாயைக் கண்டால் துரத்தக் கூடாது. உட்கார்ந்து மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைத்து, உணவைக் காட்டினால் தானாகவே வரும். காணாமற் போயிருந்து திரும்பிய நாயின் உடலில் கடிகாயம் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

கிடைத்த பிறகு

மாடு கிடைத்த மகிழ்ச்சியில் வயிறு நிறையத் தீவனம் வைத்துவிடக் கூடாது. முதலில் நிழலில் கட்டிச் சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்டி, பிறகு உலர்தீவனம் கொடுக்க வேண்டும். பால் கறக்காமல் மடி கட்டியிருந்தால் முழுவதும் கறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிநோய் வரக்கூடும். இளஞ்சோளத்தையோ வாடிய சோளத்தையோ மறுதாம்பையோ மேய்ந்திருந்தால் நச்சு ஏற்பட வாய்ப்புண்டு. மூச்சுத் திணறல், தள்ளாட்டம், வயிற்று உப்புசம் தெரிந்தால் 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். வயிறு உப்பிய மாட்டை, மருத்துவர் வரும் வரை முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி வைக்கலாம். மற்ற மந்தையுடன் கலந்திருந்த கால்நடையை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி, காய்ச்சலும் தோல் கட்டிகளும் வாய்ப்புண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பருவத்தில் ஓடிய மாடு என்றால் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, பின்னர் சினைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நம் வயலில் பிறர் மாடு வந்தாலும் இதே பொறுப்பு நமக்கும் உண்டு. அடிப்பதும் நஞ்சு வைப்பதும் குற்றம். விலங்கைக் கொன்றாலும் ஊனப்படுத்தினாலும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். காது வில்லை எண்ணைக் குறித்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க அவர்கள் உதவுவார்கள். இன்று பக்கத்து ஊர்க்காரருக்கு நாம் சொல்லும் தகவல், நாளை நம் மாட்டைத் தேடும்போது நமக்கும் கிடைக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலைகள் நான்கு: தும்பைச் சோதிப்பது, காது வில்லையில் பெயரும் செல்போன் எண்ணும் சரியா என்று பார்ப்பது, சுழியும் முகமும் தெரியப் படம் எடுப்பது, மாலையில் ஒரே குரல் கொடுத்துப் பழக்குவது. ஒரு பொழுதில் தொடங்கிவிடக்கூடிய இந்த வேலைகளை விவசாயப் பெருமக்கள் தள்ளிப் போடாமல் செய்துவிட வேண்டும்.